யாருடைய அசட்டை?

பாரிசவாதம் கண்டு பிழைத்தவர் மீண்டும் அதே நோயுடன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படுகையில் முதலில் எழும் கேள்வி, "குளிசையை ஏன் விட்டாய்?" என்பதே. கேட்கப்படுபவரோ வாய் கோணி, நாக்குழறிக் கிடப்பவர். ஆகவே விடையையும் கேட்டவரே எழுதிக்கொள்கிறார்: அசட்டை, அறியாமை. இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

குளிசைகளின் பயனை நாம் மறுக்கவில்லை. குருதி கட்டிபட்டு வந்த வாதமாயின் அஸ்பிரின் போன்றதொன்று, கொழுப்பைக் குறைப்பதொன்று, இரத்த அமுக்கத்தை அடக்குவது ஒன்றோ இரண்டோ, இவற்றை ஆயுள் முழுவதும் விழுங்கிவரின் இரண்டாம் தாக்குதலின் ஆபத்து பெரிதும் குறையும். ஆனால் இவை தலையிடிக் குளிசைகள் அல்ல. விழுங்கினாற் சுகம் தெரிவதில்லை. விட்டால் அன்றே வலிப்பதுமில்லை. இதனை ஆறுதலாக எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சனம் நிரம்பி வழியும் கிளினிக்கில் அதற்கு நேரம் ஏது? (சிறுநீரகம் பழுதாகிவிடும் என்றஞ்சிப் பாதியில் நிறுத்தும் உத்தியோகத்தரும் உளர். அவரை எவரும் அறிவிலி என்பதில்லை!)

மலைநாட்டுத் தோட்டமொன்றை எண்ணிப் பாருங்கள். கால் இழுத்து நடக்கும் தாயைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் மகளுக்கு அன்று 'பேர்' இல்லை. இலவச மருத்துவம் மக்கள் பெற்ற பேருரிமை. அதைக் குறைத்துப் பேசோம். ஆயினும் அந்த இலவசக் குளிசைக்கு மகளின் நாட்கூலியும் இருவரின் பஸ் கட்டணமும் விலையாகின்றன. குளிசை உறையின்மேல் உள்ள எழுத்தோ பல வேளைகளில் அவர்கள் வாசிக்க இயலாத மொழியில். தமிழ் 1987இல் அரச கரும மொழியான செய்தி அந்த உறைகளுக்கு இன்னும் எட்டவில்லைப் போலும்.

அந்நியச் செலாவணி வற்றிய 2022இல் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்துகள் தீர்ந்தன. வெளியில் வாங்கும்படி துண்டு நீட்டப்பட்டது. வாங்க வழியின்றி விட்டவரையும் அசட்டைக்காரர் என்பதா? வெளியிலோ ஒரே மருந்து பல வாணிபப் பெயர்களில், பல விலைகளில். இக்கொள்ளையைத் தடுக்கவே பேராசிரியர் சேனக்க பிபிலே வழிகாட்ட, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருந்தை அதன் இயற்பெயரால், நாட்டுக்கே மொத்தமாக, மலிவாகக் கொள்வனவு செய்வது அவர் வழி. 1977இன் பின்னர் வந்த திறந்த சந்தை அவ்வழியைத் தூர்த்தது.

சனங்களைத் திருத்த முடியாது என்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016–17இல் நம் நாட்டு ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 இரத்த அமுக்க நோயாளரிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஒரு சாராருக்கு மூன்று மருந்துகள் குறைந்த அளவில் ஒரே குளிசையாக. மறு சாராருக்கு வழமையான சிகிச்சை. ஆறு மாதத்தில் முன்னவரில் நூற்றுக்கு 70 பேருக்கும், பின்னவரில் 55 பேருக்கும் அமுக்கம் இலக்கினுள் வந்தது. சனங்கள் அதே சனங்கள். மாறியது மருந்து கொடுத்த முறை.

மூன்று மாதக் குளிசையை ஒரே முறையில், தோட்ட டிஸ்பென்சரியிலேயே கொடுக்கட்டும். உறையிலே தமிழில் எழுதட்டும். அதன் பின்னும் விட்டவரிடம் கேட்கட்டும், ஏன் விட்டாய் என்று.