மழைக்கு முன் படகு எஞ்சினை ஓட்டிப் பாருங்கள்



2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மக்களைப் படகு வைத்து மீட்டதை எங்கள் பகுதியினர் மறக்கவில்லை. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே நிலைதான். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பரிலேயே மீட்புப் படகுகளின் எஞ்சின்களை அதிகாரிகள் முன்னிலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தரையில் வைத்து வெறுமனே ஓட்டக்கூடாது. தண்ணீர் இல்லாவிட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கெட்டுவிடும். தொட்டியில் இறக்கி, நியூட்ரலில் ஓட்டட்டும். எஞ்சினிலிருந்து தண்ணீர் பீய்ச்சவில்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது, சீலை மாற்ற வேண்டும்.

வெள்ளத்தில் பிளாஸ்டிக் பையும் கேபிள் ஒயரும் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிய பிறகே அதில் கைவைக்க வேண்டும். இதற்கான பயிற்சியை மாநகராட்சி இப்போதே தொடங்குமா?

– வாசகர், ராஜகீழ்ப்பாக்கம்