ஸ்டோர் ரூமில் தூங்கும் கம்ப்யூட்டர்கள்: உப்புக்காற்று முந்துமா, கமிட்டி முந்துமா?

புதுச்சேரியில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டு வரும். 1985-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பல்கலைக்கழகம் இங்கேதான், கடலை ஒட்டி இருக்கிறது. அதே சாலையில் மேலும் போனால் மரக்காணம், அதன் உப்பளங்கள். இந்தக் கடலோரத்தில் கம்ப்யூட்டர் லேப் வைத்திருக்கும் எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் இப்போது ஒரு கேள்வி காத்திருக்கிறது: கழற்றி வைத்த பழைய மெஷின்களை என்ன செய்வது?

பூட்டி வைத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கலாம் என்பதுதான் வழக்கமான பதில். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அந்த ‘அப்புறம்’ ரொம்ப காஸ்ட்லி.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். 2018-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் இதில் தேறாது. அவை கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் ஓடுகின்றன. ஆனால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ‘பழசு’ என்று எழுத ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

உப்புக்காற்று என்ன செய்யும்?

கடலோரக் காற்றில் நுண்ணிய உப்புத் துகள்கள் மிதக்கின்றன. கம்ப்யூட்டர் ஃபேன் அந்தக் காற்றை உள்ளே இழுக்கும்போது, தூசியோடு சேர்ந்து உப்பும் மதர்போர்டில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியில் நடக்கும் அதே கதை.

ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் சூடு இருப்பதால் ஈரம் தங்காது. அணைத்துப் பூட்டிய அறையில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஈர உப்பு செம்பை அரிக்கும், இணைப்புகளுக்கு இடையே மின்கசிவை உண்டாக்கும். ராம் கார்டின் முனைகளைத் துடைத்து மாட்டலாம். சிப்புக்கு அடியில் ஏறிய அரிப்பை யாரும் துடைக்க முடியாது. சார்ஜ் ஏற்றாமல் கிடக்கும் யுபிஎஸ் பேட்டரியும் சில மாதங்களிலேயே செத்துவிடும்.

அதாவது, கழற்றும்போது இன்னொரு லேபுக்கு உதவக்கூடிய கம்ப்யூட்டர், கமிட்டி வந்து பார்ப்பதற்குள் குப்பையாகிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு நிதியாண்டில் ஏதாவது ஒரு கட்டத்தில் பட்டியலில் உள்ள மின், மின்னணுச் சாதனங்கள் 1,000-க்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் ‘பெருநுகர்வோர்’. கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவி, ஏசி எல்லாம் கணக்கில் வருவதால், பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இது எட்டாத எண் அல்ல. பெருநுகர்வோர் தங்கள் மின்கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே தர வேண்டும். லாரியோடு வரும் எடைக்கடைக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்புறம் ஏன் தேங்குகிறது?

அரசுச் சொத்தைக் கழித்துக்கட்ட கையெழுத்துகள் தேவை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ன்படி, முதலில் ஒரு பொருளை ‘உபரி’ அல்லது ‘பயனற்றது’ என்று காரணத்தோடு அறிவிக்க வேண்டும். மதிப்பிட்ட எஞ்சிய விலை 2 லட்சம் ரூபாயைத் தாண்டினால் டெண்டர் அல்லது பொது ஏலம். தணிக்கையில் கேள்வி வருமோ என்ற பயத்தில் ஃபைல் மேசை மேசையாக நகரும்.

ஆனால் அதே விதியில் பலரும் கவனிக்காத ஒரு வாசகம் உண்டு. 2 லட்சத்துக்குக் குறைவான பொருட்களை எப்படி அகற்றுவது என்று உரிய அதிகாரியே முடிவு செய்யலாம். பொருள் தேங்கி இடம் அடைபடுவதையும், மதிப்பு குறைவதையும் தவிர்க்க வேண்டும் என்பதை மனதில் வைத்து அந்த முடிவை எடுக்கச் சொல்கிறது விதி. தாமதம் பாதுகாப்பு அல்ல என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது.

பழைய மெஷினால் என்ன பயன்?

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி, கொஞ்சம் கூடுதல் ராம், எடை குறைந்த ஒரு லினக்ஸ். டைப்பிங், இணையத் தேடல், புரோகிராமிங் பயிற்சி எல்லாவற்றுக்கும் இது போதும். கேரள அரசுப் பள்ளிகளில் ‘கைட்’ நிறுவனம் லினக்ஸை வைத்தே பாடம் நடத்துகிறது. தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்களிலும் ‘பாஸ்’ லினக்ஸ் இருந்தது. மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தரும் விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. ஆளும் இருக்கிறது, மென்பொருளும் இருக்கிறது.

அரசே புது லேப்டாப் தருகிறதே என்று கேட்கலாம். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. ஆனால் பள்ளி லேபுக்கும் ஊர் நூலகத்துக்கும் அது போய்ச் சேராது. தவிர, இன்றைய புதுசுதான் இன்னும் சில ஆண்டுகளில் அடுத்த குவியல்.

எடைக்கு போட்டால் என்ன?

முறைசாரா இடங்களில் செம்புக்காக ஒயரை எரிப்பார்கள், தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் முக்குவார்கள். பழைய குண்டு மானிட்டரின் கண்ணாடியில் ஈயம், பழைய எல்சிடி விளக்கில் பாதரசம். மண்ணில் கலந்தது மழையோடு ஓடும். இந்தப் பகுதியில் ஏரி, ஓடைத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட உவர்நீர் நிலம் அது. அதன் நீர் கடலில் கலக்கும் கழிமுகத்தை ஒட்டித்தான் உப்பளங்கள்.

உலக அளவில் 2022-ல் உருவான மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகள் பங்கேற்ற ஆய்வறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

என்ன செய்யலாம்?

- கழற்றிய அன்றே மூன்றாகப் பிரிப்பது: அப்படியே ஓடுவது, பாகம் மாற்றினால் ஓடுவது, கழிவு.
- ஹார்ட் டிஸ்க்கில் உள்ள மாணவர் தகவல்களை, வெறும் ‘டெலிட்’ செய்யாமல், மீட்க முடியாதபடி அழிப்பது.
- கமிட்டி கூடும் தேதியை முன்பே குறித்துவிடுவது. அதுவரை மெஷின்களை ஈரம் புகாத உறையில் வைப்பது.
- கழிவைப் பதிவு பெற்றவரிடம் கொடுத்து ரசீதை ஃபைலில் சேர்ப்பது.

இதில் எதற்கும் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. வேகம்தான் தேவை. உப்புக்காற்று எந்தக் கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை.