டெஸ் மேல் என்ன தப்பு?

புதுச்சேரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவலைத் தொட்டால், பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்துவிடும். டெஸ் கெட்டுப்போனவளா, தூய்மையானவளா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து பட்டிமன்றம் நடத்தும். இரண்டு கட்சிக்கும் கூண்டில் நிற்பவள் டெஸ்தான். அலெக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கேள்வியே தப்பு சாமி!

படிக்காதவர்களுக்காக: வீட்டுக் குதிரை செத்துப் பிழைப்பு போனதால், பணக்கார வீட்டில் கோழி மேய்க்கப் போகிறாள் ஒரு சின்னப் பெண். அந்த வீட்டுப் பிள்ளை அலெக், ராத்திரி காட்டில் தூங்கிக் கிடந்தவளைச் சீரழிக்கிறான். குழந்தை பிறந்து சாகிறது. பிறகு ஏஞ்சலோடு கல்யாணம். அன்றிரவு அவன், லண்டனில் ஒருத்தியோடு இரண்டு நாள் கூத்தடித்ததைச் சொல்கிறான். இவள் உடனே மன்னிக்கிறாள். இவள் கதையைக் கேட்டதும் ஐயா பிரேசிலுக்குக் கப்பலேறிவிடுகிறார்.

"பிறகு அவளாகத்தானே அலெக்கிடம் திரும்பிப் போனாள்?" என்று மடக்குவார்கள். அப்பா செத்து, குடியிருந்த வீடும் பறிபோய், தம்பி தங்கைகள் தெருவில் நிற்கும்போது 'அவளாக' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

1891-ல் 'தூய பெண்' என்று புத்தகத்தின் முகப்பிலேயே போட்டார் ஹார்டி. அதே கதை 'கிராஃபிக்' பத்திரிகையில் தொடராக வந்தபோது காட்டுச் சம்பவத்தை எடுத்துவிட்டு ஒரு போலிக் கல்யாணம் வைக்க வேண்டியிருந்தது. ஏஞ்சல் பால்காரப் பெண்களைக் கையில் தூக்கி வெள்ளத்தைத் தாண்டுவதும் ஆகாதாம். தள்ளுவண்டி கொடுத்தார்கள் :-)

சிரிக்க வேண்டாம், நாமும் அப்படித்தான். 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் காரில் ஏற்றப்பட்டுக் கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள் தாய். அதற்கே வாசகர்கள் கொதித்தார்கள். சரி, தாய் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட ஜெயகாந்தன் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதற்கு 1972-ல் சாகித்திய அகாதமி விருது. ஆனால் அந்தத் தாயையும் ஒன்று கேட்க வேண்டும். அழுக்கு அவனுடையது என்றால் குளிப்பாட்டுவது மட்டும் ஏன் இவளை?

இது வெறும் கதைச் சண்டை இல்லை. வன்கொடுமை வழக்கில் புகார் சொன்ன பெண் 'பொதுவாக ஒழுக்கம் கெட்டவள்' என்று காட்டி அவள் சாட்சியத்தை உடைக்க 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே வழி வைத்திருந்தது. 2002 திருத்தம்தான் அதை நீக்கியது. இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013-ல் கண்டித்தும் நிற்காமல், 2022-ல் மறுபடியும் தடுக்க வேண்டியிருந்தது. வகுப்பில் கேட்கிற அதே கேள்விதான், கேட்கிற இடம் வேறு.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. கற்பு என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்று பாடிய மனிதர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஏஞ்சலுக்கு ஒரு நியாயம், டெஸ்ஸுக்கு ஒரு நியாயமா?

கடைசியில் அலெக்கைக் கொன்று தூக்கில் தொங்குவது டெஸ். ஏஞ்சலோ அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போகிறான். அவன் நடத்தையைப் பற்றி ஐந்து மார்க்குக்காவது ஒரு கேள்வி கேளுங்கள்.