அடைக்கும் முன் அறிவோம்

பிறப்புறுப்பின் வழியே காற்றோ மலமோ கசிவதைக் கணவரிடமும் சொல்லாமல், மாதக்கணக்கில் துணியை மாற்றிக்கொண்டே ஆலைப் பணிக்குச் செல்லும் பெண்கள் உண்டு. மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே உண்டாகும் இப்புரைவழியை ஃபிஸ்டுலா என்பர். இது நோய், இழிவன்று.

பெரும்பாலும் பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசலே இதற்குக் காரணம். ஆயினும், பிள்ளை பெறாதவருக்கும், பெற்றுப் பல்லாண்டு கடந்தவருக்கும் இது தோன்றுவதுண்டு. அப்போது, "உடனே தைத்துவிடுங்கள்" எனக் குடும்பத்தார் வேண்டுவது இயல்பே. காரணம் அறியாமல் தைத்தலாகாது என்பதே எங்கள் கருத்து. உள்ளிருக்கும் நோய் ஆறாதவரை தையலும் நிலைப்பது அரிது.

குரோன் நோய், குடல் காசநோய், ஆசனவாய்ச் சீழ்க்கட்டி, புற்றுநோய், முன்பு பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை, இடுப்பறையில் செய்த அறுவை ஆகியவற்றுள் ஒன்று மறைந்திருக்கலாம். குரோன் நோயும் காசநோயும் கொலோனோஸ்கோப்பியில் பலவேளை ஒன்றுபோலவே தோன்றும். முன்னதற்குத் தரும் ஸ்டீராய்டு, பின்னதை முற்றச் செய்யும். ஆகவே எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் வீண் செலவல்ல. முதல்முறை விடை கிடைக்காவிடில் மீண்டும் செய்ய நேரலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மற்றோர் இடரும் உண்டு. பிரசவம் சொந்த ஊரில், அறுவை பெங்களூருவில், மருந்து வேறோரிடத்தில் என மாநில எல்லையின் இருபுறமும் சிகிச்சைக் குறிப்புகள் சிதறிக் கிடக்கின்றன. காரணத்தின் தடயம் பெரும்பாலும் அப்பழைய தாள்களிலேயே இருக்கிறது. பிரசவக் குறிப்பு, அறுவை அறிக்கை, பயாப்சி முடிவு, மருந்துச் சீட்டு அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்துக் கொணர்க. கசிவு தொடங்கிய காலம், நீடித்த வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல் ஆகியவற்றை நாணமின்றிக் கூறுக. காரணம் தேடும் பணியில் உங்கள் சொல்லே எங்களுக்கு முதற் பரிசோதனை.