ஒண்ணும் செய்யாது

"பச்சிலைதானே, ஒண்ணும் செய்யாது." எங்கள் தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் இந்தப் பேச்சு ஒருமுறையாவது காதில் விழும். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்கிறவரும் தலையாட்டிவிட்டு டம்ளரைக் கையில் வாங்கிக்கொள்கிறார். ஒண்ணும் செய்யாததை எதற்குக் குடிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கெடுதல் செய்யாது என்று சொல்லத்தான் அந்த வார்த்தை வருகிறது. பலனும் தராது என்ற பொருளும் அதற்குள்ளேயே கிடக்கிறது. ஆடாதோடையைப் பாருங்கள். அந்த இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். மருந்துக் கடையில் சளிக்கு வாங்கும் டானிக்குகள் பலவற்றில் அது இருக்கிறது. நெஞ்சுச் சளியை இளக்குகிற அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்க வைக்கும் குணமும் உண்டு. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது என்கிறார்கள். சளியை மட்டும் விசாரித்துவிட்டு மற்ற உறுப்புகளுக்கு வணக்கம் வைத்துப் போய்விடும் மூலிகை எந்தக் கொல்லையிலும் முளைக்கவில்லை.

வீட்டு வைத்தியமே வேண்டாம் என்கிறேன் என்று இதற்குள் யாராவது முடிவு கட்டியிருந்தால், பொறுங்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் கற்பூரவல்லி, தூதுவளை, துளசி மூன்றும் உண்டு. பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் முதலில் போவது அங்கேதான். அதனாலேயே இந்த நம்பிக்கை மேல் எனக்குக் கோபம். பக்கவிளைவே கிடையாது என்று நம்பிவிட்டால் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது என்ற கேள்விகளெல்லாம் போய், ஒரு பொட்டலமும் ஒரு ஸ்பூனும்தான் கையில் நிற்கின்றன.

2020-இல் கொரோனா வந்தபோது, தொண்டைக்கு நல்லது என்று என் சித்தி அதிமதுரக் கசாயம் போட ஆரம்பித்தாள். தொற்று ஓய்ந்த பிறகும் கசாயம் ஓயவில்லை. இனிப்பாக இருந்தது, நாக்குக்குப் பழகிவிட்டது. சித்திக்கு முன்பே ரத்த அழுத்தம் உண்டு. ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, அழுத்தம் இறங்கிய பாடில்லை. கால் துவண்டு மாடிப்படி ஏற முடியாமல் போனது. பரிசோதித்ததில் பொட்டாசியம் குறைந்திருந்தது. ஓர் இளம் டாக்டர்தான், "வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் சித்தி. பக்கத்தில் நின்ற நான், "கசாயம் குடிப்பியே சித்தி" என்றேன். "அது என்ன மருந்தா?" என்று என்னை முறைத்தாள்.

அதிமதுரத்துக்கு இனிப்புத் தருவது கிளிசரைசின். அது உடம்பில் உப்பைத் தேக்கி வைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு. சித்தி தினமும் கொதிக்க வைத்தது ஒரு கைப்பிடி வேர். கசாயத்தை நிறுத்திய சில வாரங்களில் கால் தேறியது, மூன்றாவது மாத்திரையும் நின்றது. ரத்த அழுத்தம் இல்லாத ஒருவர் தொண்டை கட்டியிருக்கும் இரண்டு நாள் ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது வேறு. சித்தி செய்தது வேறு.

மாத்திரை அட்டையோடு வருகிற காகிதத்தைப் பிரித்து, அதில் பொடி எழுத்தில் இருக்கும் பக்கவிளைவுகளைப் படித்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பயப்படட்டும், நல்லதுதான். கசாயப் பொட்டலத்துக்குள் அப்படி ஒரு காகிதம் கிடையாது. காகிதம் இல்லாததை விளைவே இல்லாததாக எடுத்துக்கொள்கிறோம். யாரும் உட்கார்ந்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

"எங்க ஆச்சி குடுக்காததா?" என்பது அடுத்த வாதம். எங்கள் ஆச்சியும் கொடுத்தாள். அவள் எப்படிக் கொடுத்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு, வசம்பு எல்லாம் ஒரு தகர டப்பாவில் இருக்கும். அவித்துக் காயவைத்தவை. வசம்பை மட்டும் விளக்கில் சுட்டு வைத்திருப்பாள். பிள்ளையைக் குளிப்பாட்டிய பிறகு உரைகல்லில் தாய்ப்பால் விட்டு, ஒவ்வொன்றையும் ஒரே ஓர் இழைப்பு இழைப்பாள். இரண்டாவது இழைப்புக்குப் போனால் பக்கத்தில் இருக்கிற கிழவி யாராவது, "போதும் நிறுத்து" என்பாள். அந்த இழைப்புதான் அவர்களுடைய அளவு. கல்லில் படிகிற கறை எவ்வளவோ அவ்வளவுதான் பிள்ளையின் நாக்குக்குப் போகும். இன்று அதே சரக்குகள் பொடியாகிப் புட்டியில் வருகின்றன. ஸ்பூனில் எடுத்தால் ஆச்சி ஒரு மாதம் இழைத்தது ஒரு வேளையில் உள்ளே போய்விடும்.

ஆச்சி செய்ததெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. வசம்புக்கு நம் ஊரில் இரண்டு பெயர். ஒன்று பிள்ளை வளர்ப்பான், மற்றது பேர் சொல்லாதது. இரண்டாவது பெயரையும் கொஞ்சம் மதித்திருக்கலாம். வசம்பு எண்ணெயில் உள்ள ஆசரோன் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால், உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-இல் தடை செய்தது. சூடம் இன்னும் மோசம். சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வரலாம். மூக்கடைப்புக்கு எண்ணெய் விடுவதில், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகலாம். எங்கள் ஆச்சி எட்டுப் பிள்ளை பெற்று ஐந்தை வளர்த்தாள். "அந்தக் காலத்துல ஆஸ்பத்திரியா இருந்துச்சு?" என்று பெருமை பேசும் மாமாக்கள் அந்த மூன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1971-இல் இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அந்த வீடுகளிலும் உரைகல் இருந்தது.

அளவுக்கு முன்னால் ஆளை அடையாளம் தெரிய வேண்டும். செடிகளின் உலகில் ஒரே பெயருக்கு இரண்டு ஆள், ஒரே ஆளுக்கு நாலு பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க வைக்கும் மருத்துவமனை ஒன்றில் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். ஃபாங் ஜி என்ற பெயரில் சீனாவில் இரண்டு வேர்கள் புழங்குகின்றன. ஒன்றைக் கேட்டதற்கு மற்றது வந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. அவர்களில் பலர் பெண்கள். பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஆள் மாறி வந்த அந்த வேர் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்துச் செடி ஒன்று நம் ஊர் தரிசுகளில் படர்ந்து கிடக்கிறது. குடற்புழுவுக்கு அரைத்துக் கொடுக்கிறார்கள். பெயர் ஆடுதீண்டாப்பாளை. கண்டதையெல்லாம் மேயும் ஆடே தீண்டாதது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதைத்தான் ஒண்ணும் செய்யாது என்று பிள்ளைக்குப் புகட்டுகிறோம்.

சீந்திலுக்கும் இதே கதை வந்தது. அமிர்தவல்லி என்று அழகான பெயர் அதற்கு. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வாரக்கணக்கில் சீந்தில் குடித்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் குடித்தது உண்மையான சீந்திலாக இல்லாமல் அதைப் போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கொடியை மாற்றிப் பறித்தால் ஈரல் கெடும் என்று அமைச்சகமே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து வேலியில் கிடந்த கொடியை அறுத்துவந்தவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தது யார்? 2020 ஏப்ரலில், சித்தூர் மாவட்டத்தில் டிக்டாக் வீடியோ ஒன்றை நம்பி இரண்டு குடும்பங்கள் ஊமத்தை விதையை அரைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தன. ஊமத்தை விஷம் என்று தெரியாத தலைமுறை நம் கிராமங்களில் இதற்கு முன் இருந்ததில்லை.

எனக்குச் சமையலறை வைத்தியத்தின் மீது மட்டும் நம்பிக்கை குறையவில்லை. அதற்குக் காரணம் நாக்கு. பிரண்டையைப் பச்சையாகக் கடித்தால் வாய் அரிக்கும். ஊசி ஊசியாக ஆக்சலேட் படிகங்கள் அதில் இருக்கின்றன. அதனால் இளந்தண்டாகப் பார்த்து ஒடித்து, நாரை உரித்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைத்தார்கள். சோற்றோடு ஒரு நெல்லிக்காய் அளவுக்கு மேல் யாரும் தின்ன முடியாது. முடக்கத்தானை தோசை மாவில் கலந்தார்கள், தூதுவளையை ரசத்தில் போட்டார்கள். அளவை நாக்கு பார்த்துக்கொண்டது. இப்போது பிரண்டை கேப்சூலில் வருகிறது. கசப்பும் அரிப்பும் தெரியாது. வாசலில் இருந்த காவல்காரனைத் தூக்கிவிட்டு வீடு பத்திரம் என்கிறோம்.

கேரளத்தில் நடந்தது இதற்குச் சரியான சாட்சி. பிலிம்பிக்காயை அங்கே இலும்பன் புளி என்பார்கள். மீன் குழம்பில் போடுவார்கள், ஊறுகாய் போடுவார்கள். எவருக்கும் எதுவும் ஆனதில்லை. கொலஸ்ட்ரால் குறையும் என்று அதைப் பிழிந்து சாறாக நாள்கணக்கில் குடித்த பத்துப் பேர் சிறுநீரகம் செயலிழந்து வந்ததை 2013-இல் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சிலருக்கு டயாலிசிஸ் வரை போனது. நாக்கு கூசும் புளிப்பை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறார்கள், மருந்தாயிற்றே என்று.

இனிக் கீழாநெல்லி. இதைத் தொடாமல் தமிழில் மூலிகை பற்றி எழுத முடியாது. 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களில் 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு பல நாடுகளில் அதே ஆய்வைச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. முதல் பாதியை மேடைதோறும் சொல்கிறார்கள், மறுபாதியை மறைத்துவிடுகிறார்கள். தண்ணீர் மூலம் வரும் சாதாரண மஞ்சள் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடியும். கீழாநெல்லி குடித்தாலும் வடியும், மோர் குடித்தாலும் வடியும். ஆனால் பித்தப்பைக் கல்லும் எலிக்காய்ச்சலும் கணையப் புற்றும்கூடக் கண்ணை மஞ்சளாக்கும். அங்கே கெடுப்பது இலை அல்ல, இலையை நம்பிக் காத்திருந்த இரண்டு வாரம். டெங்குவிலும் அப்படியே. காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. பப்பாளி இலைச் சாறு வேலை செய்துவிட்டது என்று வீடு நிம்மதியாகத் தூங்குகிற இரவும் அதுதான்.

சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று சொல்ல வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்த மருத்துவம் ஒருநாளும் ஒண்ணும் செய்யாது என்று சொன்னதில்லை. சுக்குக்குத் தோலில் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டையில் நஞ்சு என்று சரக்குக்குச் சரக்கு சுத்தி முறை வைத்திருப்பது அதுதான். பத்தியம் சொல்வதும் அதுதான். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின் அட்டவணையில் சித்த மருத்துவத்துக்கென்றே நச்சுச் சரக்குப் பட்டியல் உண்டு. எட்டி, குன்றி, சேராங்கொட்டை, நேர்வாளம் எல்லாம் அதில் வருகின்றன. அவை சேர்ந்த மருந்தின் மேல் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவும் என்று அச்சிட வேண்டும். பக்கவிளைவே இல்லை என்பது பொடி விற்பவரின் வாசகம். நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் சேர வேண்டும். நிலவேம்பை மட்டும் பொடித்து அந்தப் பெயரில் விற்கிறவரிடம் மீதி எட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குத் தேவையான வைத்தியம் கொஞ்சம்தான். ஐந்தாறு செடிகளைப் பூவும் காயுமாக ஒரு வருடம் பார்த்துப் பழகினால் போதும். வயிற்று மந்தத்துக்கு ஓமத் தண்ணீர், சளிக்குக் கற்பூரவல்லி, மழைநாளில் சுக்குக் காப்பி. எதுவானாலும் இரண்டு மூன்று நாள். ஆச்சி அளவுக்கே கறாராக இருந்தது இந்த நாள் கணக்கில்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் அவளுடைய முதல் கேள்வி, "எத்தனை நாளாச்சு?" மூன்று நாளுக்கு மேல் என்றால் டப்பாவைத் திறக்கவே மாட்டாள், பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்பாள். கைக்குழந்தை, கர்ப்பிணி, தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அந்த மூன்று நாளும் வேண்டாம் என்று நான் சேர்த்துக்கொள்வேன். வெந்தயமும் பாகற்காயும் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை மிதமிஞ்சி இறக்கிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் மஞ்சளையும் பூண்டையும் மருந்தளவில் தொடக் கூடாது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, மாத்திரைச் சீட்டோடு அந்தக் கசாயப் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்காவிட்டாலும் எடுத்து மேஜைமேல் வையுங்கள்.