அம்மா கலர் பாசி

எங்கள் குடும்பத்துக் கல்யாண ஆல்பங்கள் மொத்தம் ஒன்பது. ஒன்பதிலும் அம்மா இருக்கிறாள். எப்படி? ஒன்றில் சாம்பார் வாளியோடு முதுகு. இன்னொன்றில் தாம்பாளத்துக்கு மேலே நெற்றி. ‘அந்தம்மா கொஞ்சம் நகருங்க’ என்று போட்டோகிராபர்கள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். போன வருஷம் ஒரேயடியாக நகர்ந்துவிட்டாள்.

உருப்படியாகத் தெரிவது அரை முகம்தான். மீதியைச் சித்தப்பாவின் தோள் மறைக்கிறது.

"இதைப் பெரிசு பண்ணி மாட்டினா, சித்தப்பா தோளுக்குத்தாண்டா மாலை போடணும்" என்றாள் அக்கா.

சரி, தைத்தே விடுவது என்று முடிவு. (அக்காவுக்குத் தையல் தெரியும். எனக்கு ஊசி கோக்கத் தெரியும்.)

யோசனை தந்தது, பரங்கிப்பேட்டையில் ஒரு சிநேகிதன் வீட்டு ரவிவர்மா லட்சுமி. 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியதும் லட்சுமியும் சரஸ்வதியும் ஆயிரக்கணக்கில் வீடுகளுக்கு வந்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. நம் பெண்கள் சும்மா விடுவார்களா? படத்தின் மேலேயே ஜரிகை, ஜமிக்கி, பாசிமணி, நிஜத் துணி என்று வைத்துத் தைத்தார்கள். முகம் ஊருக்கெல்லாம் பொது. புடவை மட்டும் அவரவர் வீட்டுப் புடவை!

சிதம்பரம் மேலவீதியில் கடைக்காரரிடம், "அம்மா கலர்ல பாசி இருக்கா?" என்றேன்.

"அம்மனுக்கா சார்? சிவப்பு தரவா?"

மாநிறத்தில் பாசி கிடையாது. பழுப்பையும் மஞ்சளையும் மாற்றி மாற்றித் தைத்தால் தூரத்திலிருந்து மாநிறம் என்றாள் அக்கா. சந்தேகமிருந்தால் பத்திரிகை போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எல்லாம் புள்ளிதான்.

மரச்சட்டத்தில் காடாத் துணியை இழுத்துக் கட்டி, பென்சிலால் வரைந்தோம். கணக்குப் போட்டேன். மணி ஒன்று 2 மில்லிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 25. இருபதுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் படத்துக்கு 12,500! நிமிஷத்துக்கு நாலு வீதம், தினம் அரை மணி தைத்தால் மூணரை மாசம்.

மலைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வடக்கே அரிக்கமேட்டில் 2,000 வருஷத்துக்கு முன்பே கண்ணாடியை உருக்கி, குழலாக இழுத்து, நறுக்கி, இத்தனூண்டு மணிகள் செய்து கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் எங்கள் ஊரிலிருந்து துணி மூட்டைகள் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் கப்பலேறின. துணி எங்கள் ஊர்ச் சரக்கு, பாசி பக்கத்து ஊர்ச் சரக்கு. என்னால் ஒரு முகம் முடியாதா?

முடிந்தது. புடவைக்கு அம்மாவின் பழைய சுங்குடியையே வெட்டி வைத்தோம். போட்டோவில் இருந்த வலது கண்ணையே திருப்பிப் போட்டு இடது கண்ணையும் தைத்தாயிற்று. பக்கத்து வீட்டு மாமி, "அப்படியே இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் எனக்கும் அக்காவுக்கும் ஏதோ இடித்தது. யாரோ ஒரு நல்ல அம்மா. எங்கள் அம்மா இல்லை.

ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் "காபி", "துண்டு" இரண்டுக்கு மேல் அம்மாவிடம் அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அவ சிரிச்சா எடது கண்ணு கொஞ்சம் சின்னதாயிடும்" என்றார், பேப்பருக்குள்ளிருந்தே. "ரெண்டும் ஒண்ணா இருந்தா அது வேற யாரோ."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பிரித்தோம். இடது கண்ணில் நாலே நாலு மணி குறைத்தோம்.

அம்மா வந்துவிட்டாள்.

நீங்கள் இன்றைக்கு ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மா கையிலிருக்கும் வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரு போட்டோ எடுங்கள். 12,500 மணி மிச்சம்.