மூன்று வாரக் காய்ச்சலுக்குக் கஷாயம் போதாது!

'காய்ச்சல்தானே டாக்டர், நிலவேம்புக் குடிநீர் கொடுங்க, சரியாப் போயிடும்!' சித்த மருத்துவரிடம் வருகிற பலரும் சொல்வது இது. இரண்டொரு நாள் காய்ச்சலுக்குச் சரி. மூன்று நாள் தாண்டினாலே ரத்தப் பரிசோதனை அவசியம். மூன்று வாரமாக 101 டிகிரி விட்டுவிட்டு அடிக்கிறது, பரிசோதித்தும் காரணம் பிடிபடவில்லை என்றால்? கஷாயத்தை மாற்றி மாற்றிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள்!

இத்தகைய காய்ச்சலுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் காசநோய் போன்ற தொற்றுதான் காரணம். ஆனால், அபூர்வமாகச் சிறுகுடலில் கட்டி இருந்தாலும் இப்படிக் காய்ச்சல் வரும். கட்டியின் உட்பகுதி அழுகும்போது சில ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பைச் சுட வைக்கின்றன. வயிற்றுவலியே இல்லாமலும் இருக்கலாம். காய்ச்சலோடு ரத்தசோகை, எடைக் குறைவு, கறுப்பாக மலம் போவது இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். மேலிருந்தும் கீழிருந்தும் விடுகிற சாதாரண எண்டோஸ்கோப் அதன் நடுப்பகுதியை எட்டாது. அதனால், 'குழாய் விட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லே' என்று நிம்மதியாகிவிட முடியாது. காய்ச்சல் தொடர்ந்தால் சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். கட்டி தெரிந்தால், அது காசநோயா, புற்றா என்பதைச் சதைப் பரிசோதனைதான் சொல்லும்.

நாடி பார்த்துக் குடலுக்குள் இருக்கும் கட்டியைக் கண்டுபிடித்துவிட முடியாது. இதை ஒப்புக்கொள்வதால் சித்த மருத்துவத்துக்கு மரியாதை குறையாது. 'ஸ்கேன் எடுத்துட்டு வாங்க' என்று உங்கள் வைத்தியர் சொன்னால், அவரை நம்புங்கள்!